மீன் தொட்டியில் எங்கே பிழை? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

முதன்முதலாகக் கண்ணாடித் தொட்டி வைத்த வீடுகளில் மீன் சாவது பெரும்பாலும் முதல் ஆறு கிழமைக்குள்தான். இரண்டாவது மீன் மிதந்ததும் கடைக்கு ஓடி ஒரு மருந்துப் போத்தலை வாங்கி ஊற்றுவார்கள். அநேகமான தடவைகளில் கோளாறு தண்ணீரில் இருக்கும். மருந்து அந்தத் தண்ணீரை இன்னும் கெடுத்துவிடும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், மருந்தும் புதுச் சாமானும் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் ஒன்றல்ல. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கரையோரம் நீளும் மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை. தண்ணீர் கடினமாக இருக்கும், வாவியோரம் உப்பும் கரிக்கும். உள்நாட்டுப் பக்கம் சில குழாய்க் கிணறுகளில் இரும்புக் கறை வரும். குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும். உங்கள் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

## எந்த அறிகுறி என்றாலும் முதலில் செய்வது

தீன் போடுவதை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. எயார் பம்ப் ஓடுகிறதா, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வாளியில் திறந்தபடி ஒரு நாள் ஆறவைத்த தண்ணீர் இருந்தால் தொட்டியில் நாலில் ஒரு பங்கை மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டிக் கழுவாதீர்கள். நல்லது நினைத்துச் செய்யும் அந்த வேலையால்தான் பல தொட்டிகள் அழிகின்றன.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 61 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 57 லீற்றர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் கல்லும் போட்டால் உண்மையில் நிற்பது 40 முதல் 45 லீற்றர்தான். உப்போ மருந்தோ அளக்கும்போது இந்தச் சிறிய கணக்கையே எடுக்க வேண்டும்.

## மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். பைட்டரும் குராமியும் மேலே வந்து காற்றை விழுங்கும் இனம். ஒரு தடவை வந்து குடித்துவிட்டுக் கீழே போனால் அது இயல்பு. கப்பி, மொலி, கோல்ட் பிஷ், ஏஞ்சல் எல்லாம் மேற்பரப்பை விட்டு நகராமல் நின்றால் கீழே உள்ள கிளைகளில் ஒன்று.

### விடியப்புறம் மோசம், பகலில் கொஞ்சம் தேறுகிறது

ஒட்சிசன் குறைவு. இப்படிப் பாருங்கள்:

1. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் குமிழி மெலிந்து போயிருக்கிறது. ரியூப்பைப் பம்பிலிருந்து கழற்றி, காற்று வரும் வாயில் நனைந்த விரலை வையுங்கள். காற்று பலமாக அடித்தால் பழுது எயார் ஸ்டோனில், அதாவது ரியூப் நுனியில் குமிழி விடும் கல்லில். எமது கடினத் தண்ணீரில் அதன் துளைகள் சுண்ணாம்பு பிடித்து அடைத்துப் போகும். ஒரு இரவு வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள். திறக்காவிட்டால் புதுக்கல் போடுங்கள், மலிவான சாமான்தான்.
2. விரலில் காற்று படவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் இறப்பர் கிழிந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அடி மூடியைத் திறந்தால் சின்னக் கிண்ணம் போல ஒரு கறுப்பு இறப்பர் தெரியும். அதன் விளிம்பை விரலால் மெல்ல மடக்குங்கள். தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் காற்று போகாது. சில கடைகளில் இறப்பர் மட்டும் கிடைக்கும்.
3. தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஒரு படலம். ஒரு தாளை மேற்பரப்பில் விரித்து எடுங்கள், படலம் தாளோடு வந்துவிடும். தீன் கூடியதன் அடையாளம் அது.
4. சூடு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும். 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 பாகையில் 7.6 தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழுள்ள தொட்டி 32 பாகையைத் தாண்டும். மூடியைத் தூக்கி வலை போட்டுவிட்டு, மேசை மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்த்துப் பிடித்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ்கட்டியை நேரே போடாதீர்கள்.
5. மீன் கூடிப்போனது. 45 லீற்றரில் பத்துப் பன்னிரண்டு கப்பிக்கு மேல் வேண்டாம். கோல்ட் பிஷ் இந்த அளவுத் தொட்டிக்கே பொருந்தாது.

### காற்று நன்றாக ஓடுகிறது, ஆனாலும் நாள் முழுக்க மேலேதான் நிற்கிறது

செவுளைப் பாருங்கள். தீப்பட்டது போலச் சிவந்திருந்தால் அமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். கபிலமாக, பழைய இரத்தம் போல இருந்தால் நைத்திரைற்று, அமோனியாவைப் பக்டீரியா தின்னும்போது உண்டாகும் இன்னொரு நஞ்சு. இரண்டுக்கும் ‘நாளுக்கு ஒரு மீன் சாகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள். நைத்திரைற்று என்று பரிசோதனையில் தெரிந்தால், லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியே ஒரு வாளியில் கரைத்து, மூன்று தடவையாக ஊற்றினால் மீன் அந்தக் கண்டத்தைத் தாண்டும்.

### நுளம்புப் புகை அடித்த பிறகு, அல்லது ஸ்பிரே அடித்த அறையில்

இதைப் பலர் கவனிப்பதில்லை. எயார் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் ஊதுகிறது. நுளம்புச் சுருளிலும் ஸ்பிரேயிலும் டெங்குப் புகையிலும் போடும் பைரத்திரொயிட் வகை மருந்துகள் மனிதருக்குச் சிறிய அளவில் பெரிய தீங்கு செய்வதில்லை, மீனுக்கோ மிகக் கொடிய நஞ்சு. மீன் சுழன்று சுழன்று நீந்தி, பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே அரைவாசித் தண்ணீரை மாற்றி, வடியில் (பில்டரில்) கரித்தூள் பை போடுங்கள். நான்கு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை கால்வாசி மாற்றுங்கள்.

புகை வண்டி வருகிறது என்று தெரிந்தால் பம்பை நிறுத்தி, தொட்டி முழுவதையும் பொலித்தீனால் மூடிவிடுங்கள். காற்றுத் தெளிந்ததும் திறந்து பம்பைப் போடுங்கள். ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டாம். நுளம்புச் சுருளைத் தொட்டி இருக்கும் அறையில் ஏற்றவே வேண்டாம்.

## தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் மீன் துள்ளுகிறது, கண்ணாடியில் மோதுகிறது

மாற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது?

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன். அகன்ற வாயுள்ள வாளியில் பிடித்து, எயார் ஸ்டோன் போட்டு 24 மணித்தியாலம் திறந்து வைத்தால் போய்விடும். வாளியை மூடியோடு வைத்தால் போகாது. அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரீன் நீக்கித் துளிகளைப் போத்தலில் எழுதியுள்ள அளவுக்குப் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் என்றால், ‘கிணத்துத் தண்ணிதானே, குளோரீன் இல்லையே’ என்று நினைத்து நேரே ஊற்றியிருப்பீர்கள். நிலத்துக்கடியிலிருந்து இப்போதுதான் மோட்டர் இழுத்துக் கொண்டுவந்த தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கரியமில வாயு கூட. அதையும் ஒரு இரவு காற்றூட்டி ஆறவைக்க வேண்டும். மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரீன் தூள் போடுவார்கள். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீர் மாதிரித்தான். முகர்ந்து பார்த்து மணம் முற்றாகப் போகும் வரை அந்தக் கிணற்றில் கை வைக்காதீர்கள். வயல் ஓரக் கிணறு என்றால் பயிருக்கு எண்ணெய் (பூச்சி மருந்து) அடித்த கிழமையிலும் அதே கவனம் தேவை.

தண்ணீர் சரிதான் என்றால் சூட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். மத்தியானம் வெயிலில் கிடந்த கறுப்புத் தாங்கியின் தண்ணீர் குளிக்கவே சுடும். புதுத் தண்ணீருக்கும் தொட்டிக்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், கையால் தொட்டுப் பார்ப்பது போதாது.

கடைசியாக வாளி. துணி துவைத்த வாளியில் சவர்க்காரப் பசை மிச்சம் இருக்கும். தொட்டிக்கென்று ஒரு வாளி வாங்கி, வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

## புதுத் தொட்டி: நாளுக்கு ஒரு மீன் சாகிறது

தொட்டி வைத்து ஐந்தாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் என்றால் வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். மீனின் கழிவும் மிச்சத் தீனும் அமோனியாவாக மாறும். அதைத் தின்று தீர்க்கும் பக்டீரியா வடியின் ஸ்பொஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். அதுவரை தொட்டி நஞ்சைச் சேர்த்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதுதான் பலரை ஏமாற்றுகிறது.

எமது கரையோரத் தொட்டிகளில் இது இன்னும் கடுமை. பீ.எச் என்பது தண்ணீரின் புளிப்புத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் அளவு. அது 7 இலிருந்து 8 க்கு ஏறினால் அதே அளவு அமோனியாவின் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்காகும். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில் பீ.எச் 8 சாதாரணம். போதாததற்கு அழகுக்கென்று கடற்கரைச் சிப்பியும் பவளக் கல்லும் அள்ளிக்கொண்டு வந்து போடுவார்கள், அவை கரைந்து பீ.எச்சை இன்னும் ஏற்றும். போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஒரு கல்லில் சந்தேகம் என்றால் அதன்மேல் நாலு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல் தொட்டிக்கு ஆகாது.

பரிசோதனை: அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் துளி விட்டு நிறம் பார்க்கும் கிட் இருந்தால் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிட் எப்போதும் கிடைப்பதில்லை. அது இல்லாவிட்டால் இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்கள்: தொட்டி வைத்து எத்தனை நாள்? முதல் நாளிலேயே எத்தனை மீன் விட்டீர்கள்? போட்ட தீன் இரண்டு நிமிடத்தில் முடிகிறதா, அடியில் கிடக்கிறதா? ஸ்பொஞ்சைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவினீர்களா? முப்பது நாளுக்குள், ஐந்தாறு மீனுக்கு மேல், மிச்சத் தீன், கழுவிய ஸ்பொஞ்ச் என்பவற்றில் இரண்டு பொருந்தினாலே அமோனியா என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

செய்ய வேண்டியது: ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீர் மாற்றம், இரண்டு கிழமைக்கு. தீன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. புது மீன் ஒன்றும் வேண்டாம், செத்ததற்குப் பதிலாகவும் வேண்டாம். ஆறு மாதமாக நோயில்லாமல் ஓடும் தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவருடைய ஸ்பொஞ்சில் பாதியை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடியோடு சேர்த்துவிடுங்கள். இதைவிட விரைவான வழி கிடையாது, காசும் இல்லை. ஸ்பொஞ்ச் கழுவ வேண்டி வந்தால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

## தண்ணீரின் நிறம் மாறுகிறது

பால் கலந்தது போல வெள்ளை. புதுத் தொட்டியில் முதற் கிழமை வரும், தானாகத் தெளியும். தீனைக் குறைத்துப் பொறுத்திருங்கள். பழைய தொட்டியில் திடீரென்று வந்தால் கல்லுக்கடியில் செத்த மீனோ நத்தையோ அழுகுகிறது, தேடி எடுங்கள்.

பச்சை. வெயில். தொட்டி யன்னலோரத்தில் இருக்கும், அல்லது பல்ப் இரவு முழுக்க எரியும். இடத்தை மாற்றுங்கள், விளக்கை ஆறு ஏழு மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள். பச்சைத் தண்ணீர் மீனுக்கு நஞ்சல்ல.

துருச் சிவப்பு, அடியில் செம்மண் போலப் படிவு. கிணற்று இரும்பு. வாளியில் காற்றூட்டி இரண்டு நாள் விட்டால் துரு அடியில் இறங்கும். மேல் தண்ணீரை மட்டும் வெள்ளைத் துணியால் வடித்து ஊற்றுங்கள்.

தேநீர் நிறம். புதுக் கட்டை போட்டிருந்தால் அதன் சாயம். பயமில்லை.

கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. கச்சான் காலத்தில் ஒரு கிழமைக்கு ஓரிரு அங்குலம் தண்ணீர் வற்றும். வற்றியதற்கு மேலே மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டு போகும். வற்றிய அளவை நிரப்புவதோடு, கிழமைக்கு ஒரு தடவை நாலில் ஒரு பங்கை எடுத்தும் வெளியே ஊற்றுங்கள். நிரப்புவதற்கு மட்டும் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர் நல்லது.

## உடம்பில் வெள்ளைப் புள்ளி, பஞ்சு, அரித்த செட்டை

சீனி தூவியது போலச் சின்னப் புள்ளி, மீன் கல்லில் உரசுகிறது: வெண்புள்ளி நோய். எமது பக்கம் இது கார்த்திகை முதல் தை வரை, அடைமழையில் தண்ணீர் 24, 25 பாகைக்கு இறங்கும் நாட்களில்தான் கூட வரும். முதலில் 25 வாட் அல்லது 50 வாட் ஹீற்றர் ஒன்றால், ஒரு நாளைக்கு ஒரு பாகை வீதம், 30 வரை ஏற்றுங்கள். எயார் பம்பைக் கூட்டுங்கள். லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பு, 45 லீற்றருக்கு 90 கிராம், இரண்டு நாளில் நாலு தடவையாகக் கரைத்து ஊற்றுங்கள். கெளிற்று இன மீன் இருந்தால் பாதி அளவு. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் என்றாலும் பாதி. புள்ளி மறைந்த அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். கல்லிடுக்கில் இருக்கும் நோய்க்கிருமியின் குஞ்சுகள் மறுபடி மீனில் ஏறும், இன்னும் ஐந்து நாள் அப்படியே விடுங்கள்.

பஞ்சு போல ஒட்டியிருப்பதும், செட்டை நுனி வெள்ளையாக அரிப்பதும் அநேகமாகக் காயத்தின் மேலோ கெட்ட தண்ணீரிலோ வருவது. மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் மாற்றிப் பாருங்கள். தேறாவிட்டால் அந்த மீனைத் தனி பேசினில் வைத்து மெதிலீன் புளூ கொடுங்கள். அதைத் தொட்டிக்குள் ஊற்றினால் ஸ்பொஞ்சில் வளர்ந்த பக்டீரியாவும் சாகும், சிலிக்கனும் நீலமாகும்.

செதில்கள் விரிந்து அன்னாசிப் பழம் போல ஊதியிருந்தால் அந்த மீன் தப்புவது அரிது. மற்றவற்றைக் காப்பாற்ற அதைப் பிரித்து வையுங்கள்.

## கறன்ட் போய் வந்த பிறகு

மேசையெல்லாம் தண்ணீர் என்றால் பம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கறன்ட் நின்றதும் ரியூப் வழியே தண்ணீர் திரும்பி இறங்கும். பம்பை மேல் தட்டில் வையுங்கள், அல்லது ரியூப் நடுவே ஒருவழி வால்வு ஒன்று போடுங்கள். நீண்ட மின்வெட்டில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பத்துக் கோப்பை. பவர் பேங்கில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று மாரிக்கு முன் வாங்கி வைப்பது நல்லது.

## தொட்டிக்கடியில் ஈரம்

உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். குமிழி தெறிப்பது, வெளிக் கண்ணாடியில் வியர்ப்பது, ரியூப் வழியே சொட்டுவது மூன்றையும் முதலில் பாருங்கள். இரவில் தண்ணீர் மட்டத்தில் ரேப் ஒட்டி, பம்பை நிறுத்தாமல், காலையில் அளவு பாருங்கள். பிறகு வெள்ளை டிசு ஒன்றை மடித்து, ஒவ்வொரு மூலைப் பொருத்தையும் மேலிருந்து கீழே மெல்ல ஒற்றிக்கொண்டு வாருங்கள். கசியும் இடத்தில் டிசு ஒரு பொட்டு நனைந்து கருத்துக் காட்டும்.

பொருத்தில் கசிவு என்றால் மீனை வாளிக்கு மாற்றி, தொட்டியை வெறுமையாக்கி, உட்பக்கப் பழைய சிலிக்கனை பிளேட்டால் முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டாது. பூஞ்சணம் தடுக்கும் மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கனைப் பூசி, குறைந்தது இரண்டு நாள் காயவிட்டு, ஒரு நாள் தண்ணீர் நிறைத்துப் பார்த்துத்தான் மீன் விடலாம். தட்டு சமனாக இல்லாவிட்டால் மறுபடி கசியும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து, தொட்டிக்கடியில் அரை அங்குல ரெஜிபோம் விரியுங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. இரண்டடித் தொட்டியே கல்லோடு 60 கிலோ இருக்கும்.

அடிக்கண்ணாடியில் கீறல் என்றால் ஒட்டிப் பார்க்க வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுங்கள், அல்லது தொட்டியை மாற்றுங்கள்.

## தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது

கையை எடுங்கள். பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். 230 வோல்ட் உயிரெடுக்கும். ஹீற்றரின் கண்ணாடி வெடித்திருக்கலாம், உள்ளே போட்ட மோட்டரின் வயர் உரிந்திருக்கலாம், எக்ஸ்டென்ஷன் வயருக்குள் தண்ணீர் சொட்டியிருக்கலாம். இதில் நீங்களே திறந்து பார்க்க எதுவும் இல்லை. அந்தச் சாமானைக் கழித்துவிட்டு, மின்னியலாளரை அழைத்து வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தண்ணீரில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் சுவிட்சை நிறுத்துவது பிள்ளைகளுக்கும் பழக்கமாக வேண்டும்.

## எப்போது ஆளைத் தேடுவது

ஒரே நாளில் தொட்டியில் பாதிக்கு மேல் செத்தால், மூன்று தண்ணீர் மாற்றத்துக்குப் பிறகும் சாவு நிற்காவிட்டால், அல்லது விற்பனைக்கென்று சீமெந்துத் தொட்டிகளில் வளர்ப்பவராக இருந்தால், அலங்கார மீன் வளர்ப்புக்கு வழிகாட்டும் நக்டா (NAQDA) என்ற அரச நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபையின் அதிகாரிகளிடம் போங்கள். போகும்போது ஒரு சுத்தமான போத்தலில் தொட்டித் தண்ணீர் ஒரு லீற்றர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர், தடுமாறும் மீன் ஒன்றை உயிரோடு பையில் கொண்டு போங்கள். செத்து அழுகிய மீனில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வாங்கிய திகதி, மீன் எண்ணிக்கை, ஊற்றிய மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று எந்த மீனையும் வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். கண்ணாடி துடைக்கும் என்று சொல்லி விற்கும் டாங்க் கிளீனர் மீன் அப்படி விடப்பட்டுத்தான் இலங்கையின் நீர்நிலைகளில் பரவியது, மீனவரின் வலையைக் கிழிக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். செத்த மீனை மண்ணில் புதையுங்கள், நோயில் செத்த தொட்டியின் தண்ணீரை வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள், கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.